மா. கிருஷ்ணன்

மா. கிருஷ்ணன் (மாதவையா கிருஷ்ணன், சூன் 30, 1912 - பெப்ரவரி 18, 1996) தமிழ்நாட்டைச் சேர்ந்த இயற்கையியலாளர், எழுத்தாளர், ஓவியர், காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் ஆவார். தமிழ், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் எழுதினார். முதுமலை, ஆனைமலை முதலிய தென்னிந்தியக் காடுகளில் யானை, காட்டெருது, மான் போன்ற விலங்குகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து படம் எடுத்தார். இவருடைய ஒளிப்படங்கள் அனைத்தும் கறுப்பு-வெள்ளையில் அமைந்தவை. வண்ணப்படம் பரவலான பின்னரும் இவர் கறுப்பு-வெள்ளையைக் கைவிடவில்லை. ஒளி குறைந்த காட்டில், தாமே பொருத்தி அமைத்த கேமராவைக் கொண்டு இவர் எடுத்த படங்கள் இந்தியக் காட்டுயிர் வரலாற்றின் முக்கியமான பதிவுகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றன.

பிறப்பும் கல்வியும்

கிருஷ்ணன் திருநெல்வேலியில் பிறந்தார். இவருடைய தந்தை அ. மாதவையா (1872 - 1925), தமிழின் தொடக்ககாலப் புதினங்களுள் ஒன்றான பத்மாவதி சரித்திரத்தை எழுதியவர். எட்டுக் குழந்தைகளுள் கிருஷ்ணன் இளையவர். சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த மா. அனந்தநாராயணன் இவருடைய தமையனார் ஆவார். மாதவையா அரசுப் பணியிலிருந்து விலகிய பின் குடும்பம் சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்தது. அங்கு கட்டப்பட்ட வீட்டிற்குத் தம் சொந்த ஊரான பெருங்குளத்தின் பெயரையே மாதவையா இட்டார். அக்காலத்தில் மயிலாப்பூர் புதரும் தோப்பும் நிறைந்த பகுதியாக இருந்தது. பறவைகளையும் சிறு விலங்குகளையும் கூர்ந்து நோக்கும் பழக்கம் கிருஷ்ணனுக்குச் சிறுவயதிலேயே ஏற்பட்டது.

இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்ற கிருஷ்ணன், 1927-ல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு தாவரவியல் பேராசிரியராக இருந்த பி. எஃப். பைசனிடம் தாவரவியல் பயின்றார். பைசன் இணையருடன் நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்குச் சென்று களப்பணியில் கலந்துகொண்டார். நீர்வண்ண ஓவியம் தீட்டும் முறையைப் பைசனின் மனைவியிடம் கற்றார். பின்னர் சட்டப் பட்டமும் பெற்றார். எனினும், நிலையான வேலை எதுவும் உடனே கிடைக்கவில்லை. அச்சகம், ஓவியப் பள்ளி, வானொலி நிலையம் ஆகியவற்றில் சிறிது காலம் பணிபுரிந்தார். 1937-ல் இந்துமதி என்பவரை மணந்தார்.

சண்டூர் ஆண்டுகள்

1942-ல் பெல்லாரிக்கு அருகில் இருந்த சண்டூர் சமத்தானத்தில் கிருஷ்ணன் வேலைக்குச் சேர்ந்தார். ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், அரசரின் செயலாளர் எனப் பல பொறுப்புகளை அங்கு வகித்தார். மலையும் புதர்க்காடும் சூழ்ந்த அப்பகுதியில் ஆடு மேய்த்தும் புறா வளர்த்தும் விலங்குகளைக் கவனித்தும் ஓய்வு நேரத்தைக் கழித்தார். 1949-ல் சமத்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. வேறு அரசுப் பணியை நாடாமல் கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அதன் பின் வாழ்நாள் முழுவதும் எழுத்தையும் ஒளிப்படத்தையும் மட்டுமே நம்பி வாழ்ந்தார்.

1950-ல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி ஒன்றை எழுதத் தொடங்கினார். கன்ட்ரி நோட்புக் என்ற பெயரில் வந்த இப்பத்தி 46 ஆண்டுகள் தொடர்ந்தது.

கேமரா

கிருஷ்ணனின் கேமரா அவருடைய நண்பர்களிடையே புகழ்பெற்றது. ஒரு நிறுவனத்தின் கேமரா உடலுடன் மற்றொரு நிறுவனத்தின் தொலைவில்லையை இணைத்து, இடையே வேண்டிய பகுதிகளைத் தாமே செய்து பொருத்தியிருந்தார். பெரியதும் கனமானதுமான இக்கருவிக்கு சூப்பர் பாண்டரோசா என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். அக்காலத்தில் அயல்நாட்டுப் பொருள்களின் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. எழுத்தின் வருவாயில் வாழ்ந்த ஒருவர் புதிய தொலைவில்லைகளை விலைகொடுத்து வாங்குவது எளிதன்று. கிடைத்ததைக் கொண்டு தேவையானதை அமைத்துக்கொள்வதே வழியாக இருந்தது.

முதுமலை போன்ற இடங்களில் வனத்துறையின் பழகிய யானை மீது அமர்ந்து காட்டு விலங்குகளை அணுகிப் படம் எடுத்தார். யானை மீது வரும் மனிதரைக் காட்டு விலங்குகள் நடந்து வரும் மனிதரைப்போல் அஞ்சுவதில்லை. ஆனால் இம்முறையில் ஒரு இடர்ப்பாடு உண்டு. யானை நிற்கும்போதும் உடல் அசையும், மூச்சு வாங்கும், காது வீசும். முக்காலியை நிறுத்த இயலாது. கனமான தொலைவில்லையைக் கையில் ஏந்தியே படம் எடுக்க வேண்டும். ஆகவே ஷட்டர் மிக விரைவாகத் திறந்து மூடினால் மட்டுமே படம் தெளிவாக அமையும். இங்குதான் படச்சுருளின் வேகம் முதன்மை பெறுகிறது.

காட்டின் ஒளியும் படச்சுருளின் வேகமும்

பிலிம் எனப்படும் படச்சுருளின் வேகம் என்பது அது ஒளியை உணரும் திறன் ஆகும். கிருஷ்ணன் பணியாற்றிய காலத்தில் இது ஏ.எஸ்.ஏ. என்ற அளவால் குறிக்கப்பட்டது. இன்றைய எண்ணிமக் கேமராக்களில் காணப்படும் ஐ.எஸ்.ஓ. எண் இதன் தொடர்ச்சியே. எண் இரு மடங்கானால் தேவைப்படும் ஒளி பாதியாகக் குறையும்.

விலங்குகள் பெரும்பாலும் விடியற்காலையிலும் மாலையிலும் வெளிப்படுகின்றன. பகலிலும் அவை மரநிழலை நாடுகின்றன. திறந்த வெளியின் நண்பகல் ஒளியில் 64-ல் ஒரு பங்கே உள்ள ஒரு காட்டு நிழலை எடுத்துக்கொள்வோம். லென்சின் துளை எஃப்/5.6 எனில், ஏ.எஸ்.ஏ. 25 படச்சுருளுக்கு நொடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம் தேவை. ஏ.எஸ்.ஏ. 100 படச்சுருளுக்கு 12-ல் ஒரு பங்கு நொடியும், ஏ.எஸ்.ஏ. 400 படச்சுருளுக்கு 50-ல் ஒரு பங்கு நொடியும் தேவைப்படும். 300 மி.மீ. தொலைவில்லையைக் கையில் ஏந்தி எடுக்க 300-ல் ஒரு பங்கு நொடி வேண்டும் என்பது ஒளிப்படக்காரர்களின் பொதுவிதி. எனவே மிக வேகமான படச்சுருளுக்கும் அந்த ஒளி போதாது. விலங்கு அசையாது நிற்கும் கணத்திற்காகக் காத்திருத்தல், மரக்கிளையில் வில்லையைத் தாங்குதல், வெளிச்சம் விழும் இடத்திற்கு விலங்கு வரும்வரை பொறுத்தல் ஆகிய யாவும் இதனால் தேவையாயின.

கறுப்பு-வெள்ளையின் தேவை

1961 வரை விற்பனையில் இருந்த முதல் கோடாக்குரோம் வண்ணப் படச்சுருளின் வேகம் ஏ.எஸ்.ஏ. 10 மட்டுமே. அதற்குப் பின் வந்த கோடாக்குரோம் 2-இன் வேகம் 25 ஆகும். 1959-ல் வேகமிக்க எக்டாகுரோம் வெளிவந்தபோதும் அதன் வேகம் 160-ஐத் தாண்டவில்லை. கறுப்பு-வெள்ளையிலோ கோடாக் நிறுவனத்தின் டிரை-எக்ஸ் 1954-ல் 35 மி.மீ. அளவிலும் சுருள் அளவிலும் வெளிவந்தது. தொடக்கத்தில் 200 எனக் குறிக்கப்பட்ட அதன் வேகம், 1960-ல் அளவீட்டு முறை திருத்தப்பட்டபோது 400 என மாற்றிக் குறிக்கப்பட்டது. இல்ஃபோர்டு நிறுவனத்தின் எச்.பி.3, 1965-ல் வந்த எச்.பி.4, 1976-ல் வந்த எச்.பி.5 ஆகியனவும் இத்தகைய வேகமான படச்சுருள்களே. ஆகவே 1950-களில் நிழலடர்ந்த காட்டில் படம் எடுக்க விரும்பிய ஒருவருக்குக் கறுப்பு-வெள்ளையே நடைமுறைக்கு உகந்த வழியாக இருந்தது. அன்றைய நாளிதழ்களும் கறுப்பு-வெள்ளையிலேயே அச்சிடப்பட்டன.

பிளாஷ் விளக்கு மற்றொரு வழியாகும். ஆனால் அதன் ஒளி தொலைவு கூடக்கூட விரைந்து குறையும். தொலைவு இரு மடங்கானால் விலங்கின் மீது விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். அருகிலுள்ள இலைகள் மிகுதியாக வெளுத்து, பின்னணி இருண்டு போகும். விலங்கு வாழும் சூழல் படத்தில் மறைந்துவிடும். கிருஷ்ணனின் படங்களில் விலங்கைச் சுற்றியுள்ள புல், மூங்கில், நீர்நிலை ஆகியனவும் விலங்கின் அளவிற்கு இடம்பெறுகின்றன.

வேகமான படச்சுருளுக்கு ஒரு குறையும் உண்டு. அதில் ஒளியை உணரும் வெள்ளி உப்பின் மணிகள் பெரியவை. படத்தைப் பெரிதாக்கும்போது அவை புள்ளிகளாகத் தெரியும். நெகட்டிவின் பரப்பு கூடினால் இக்குறை மட்டுப்படும். 6 செ.மீ. சதுர நெகட்டிவின் பரப்பு 35 மி.மீ. நெகட்டிவைப்போல் ஏறத்தாழ மூன்றரை மடங்காகும். ஆகவே ஒரே அளவுப் படத்தை அச்சிடும்போது அதனைக் குறைவாகப் பெரிதாக்கினால் போதும்.

டெவலப் செய்யும் முறை

குறைந்த ஒளியில் எடுத்த படச்சுருளை டெவலப்பர் கரைசலில் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் வைப்பதுண்டு. இதனால் ஏ.எஸ்.ஏ. 400 படச்சுருளை 800 அல்லது 1600 எனக் கொண்டு படம் எடுக்க இயலும். ஆனால் இது முழுமையான தீர்வன்று. கூடுதல் நேரம் படத்தின் வெளிச்சமான பகுதிகளையே மேலும் அடர்த்தியாக்கும். ஒளியே படாத நிழற்பகுதியில் விவரம் புதிதாகத் தோன்றாது. படத்தின் முரண் கூடும், மணிகளும் பெரிதாகத் தெரியும்.

யானையைப் படம் எடுப்பவருக்கு இது பெரும் இடராகும். யானையின் கரிய உடலே படத்தின் நிழற்பகுதி. காதின் ஓரத்திலுள்ள கிழிசல், தோலின் மடிப்பு, வால்மயிர் ஆகியவை ஒரு யானையை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய உதவும் அடையாளங்கள். இவை அனைத்தும் அந்த இருண்ட பகுதியிலேயே உள்ளன. வானத்தின் வெளிச்சத்தையும் சேர்த்து ஒளிமானி காட்டும் அளவை நம்பினால் யானை வெறும் கரிய நிழலாகவே பதியும். ஆதலால் யானையின் உடலுக்கு ஏற்ப ஒளியைக் கணித்து, வானம் வெளுத்துப் போவதை ஏற்றுக்கொண்டே எடுக்க வேண்டியிருக்கும். எடுக்கும்போது இழந்த விவரத்தை இருட்டறையில் மீட்க முடியாது.

கறுப்பு-வெள்ளைப் படச்சுருளை டெவலப் செய்யும் படிகள் வருமாறு:

1. படச்சுருளை முழு இருட்டில் தொட்டிக்குள் சுற்ற வேண்டும். எல்லா நிறங்களையும் உணரும் படச்சுருள் ஆதலால் சிவப்பு விளக்கும் கூடாது.
2. டெவலப்பர் கரைசலை ஊற்றிக் குறித்த நேரம் வைத்து, இடையிடையே அசைக்க வேண்டும்.
3. நீர்த்த அசிட்டிக் அமிலத்தால் அவ்வினையை நிறுத்த வேண்டும்.
4. ஹைப்போ கரைசலில் இட்டு, ஒளிபடாத வெள்ளி உப்பை நீக்க வேண்டும்.
5. ஓடும் நீரில் நன்கு கழுவித் தூசில்லா இடத்தில் உலர்த்த வேண்டும்.

கோடாக் நிறுவனம் 1927-ல் வெளியிட்ட டி-76 பரவலாகப் பயன்பட்ட டெவலப்பர் ஆகும். ஒரு லிட்டர் கரைசலில் மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட்டு 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்சு 2 கிராம் அடங்கும். இச்சரக்குகளைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே கலந்துகொள்ள முடியும்.

டெவலப்பருக்குரிய நேர அட்டவணைகள் பெரும்பாலும் 20 பாகை செல்சியசு வெப்பநிலைக்கு வகுக்கப்பட்டவை. சென்னையில் கோடைக்காலத்தில் குழாய் நீர் 30 பாகையைத் தாண்டும். வெப்பம் கூடினால் வினை விரைவதால் நேரத்தில் ஏற்படும் சிறு பிழையும் படத்தைக் கெடுக்கும். படச்சுருளின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சு மென்மையாகி வெடிப்புறவும் கூடும். பனிக்கட்டி இட்ட தொட்டியில் கரைசலைக் குளிர்வித்தல், இரவிலோ விடியுமுன்போ வேலை செய்தல், ஜெலட்டினை இறுகச் செய்யும் குரோம் படிகாரம் சேர்த்தல் ஆகியவை வெப்பநாடுகளின் இருட்டறைகளில் கையாளப்பட்ட முறைகள்.

படச்சுருள் தட்டுப்பாடு

இந்தியாவில் படச்சுருள் பெரும்பாலும் இறக்குமதியை நம்பியே இருந்தது. இந்நிலையை மாற்ற நடுவண் அரசு 1960-ல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தை உதகமண்டலத்தில் அமைத்தது. தூசு குறைந்த காற்றும் குளிர்ந்த தட்பவெப்பமும் படச்சுருள் தொழிலுக்கு ஏற்றவை. 1967-ல் அங்கு உற்பத்தி தொடங்கியது. இந்து என்ற வணிகப் பெயரில் அதன் கறுப்பு-வெள்ளைப் படச்சுருள்கள் விற்கப்பட்டன. கிருஷ்ணன் யானைகளைப் படம் எடுத்த முதுமலையும் அதே நீலகிரி மாவட்டத்தில் உள்ளது. பிற்காலத்தில் நட்டமடைந்த இந்நிறுவனம் மூடப்பட்டது.

ஆய்வுப் பதிவுகள்

1968-ல் கிருஷ்ணனுக்கு ஜவகர்லால் நேரு ஆய்வு நல்கை வழங்கப்பட்டது. இதனைக் கொண்டு தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளின் வாழ்நிலையை ஆராய்ந்தார். ஆய்வு முடிவுகள் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் தொடராக வெளிவந்தன. அக்கழகம் 1975-ல் அவற்றை நூலாகவும் வெளியிட்டது. 1959 முதல் 1970 வரையிலான காலத்தில் யானை, காட்டெருது, மான் வகைகள், குரங்குகள் முதலியவை எங்கு, எவ்வாறு வாழ்ந்தன என்பதை இந்நூல் எழுத்தாலும் ஒளிப்படத்தாலும் பதிவு செய்கிறது.

இக்காலத்தில் அணைகள், தேயிலைத் தோட்டங்கள், அயல்நாட்டு மர வளர்ப்பு ஆகியவற்றால் காடுகள் சுருங்கிக் கொண்டிருந்தன. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972-ல்தான் இயற்றப்பட்டது. அதற்கு முந்தைய நிலையைக் காட்டும் சான்றுகள் குறைவு என்பதால் கிருஷ்ணனின் படங்கள் தனி மதிப்புப் பெறுகின்றன. இந்தியக் காட்டுயிர் வாரியத்தின் உறுப்பினராகவும் இவர் பணியாற்றினார். அயல்நாட்டு மரங்களை நடுவதை எதிர்த்தார். அந்தந்த மண்ணுக்குரிய மரம், செடிகளையே பேண வேண்டும் என்று தொடர்ந்து எழுதிவந்தார்.

தமிழ்ப் பணியும் கொங்கு நாடும்

கிருஷ்ணன் தமிழ் இதழ்களிலும் பறவைகள், விலங்குகள் பற்றி எழுதினார். தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்திற்கு உயிரினங்கள் பற்றிய கட்டுரைகளை வழங்கினார். அக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர் பெ. தூரன் (1908 - 1987), ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சிப் பகுதியைச் சேர்ந்தவர். கழகத்தைத் தொடங்கிய தி. சு. அவினாசிலிங்கமும் கொங்கு நாட்டினரே. அறிவியலைத் தமிழில் தரும் அம்முயற்சியில் காட்டுயிர் பற்றிய பகுதிக்குக் கிருஷ்ணனின் நேரடிக் கள அறிவு பயன்பட்டது.

கொங்கு நாட்டின் மேற்கு எல்லையாக அமைந்த ஆனைமலைக் காடுகள் இவர் பணியாற்றிய பகுதிகளுள் ஒன்று. இவை 1976-ல் காட்டுயிர்க் காப்பிடமாக அறிவிக்கப்பட்டன. நீர்ப்பறவைகளுக்குப் பெயர்பெற்ற வேடந்தாங்கல் பற்றியும் கிருஷ்ணன் எழுதியுள்ளார். சென்னிமலைக்கு அருகிலுள்ள வெள்ளோடு ஏரி, இவர் மறைந்த 1996-ஆம் ஆண்டில் பறவைகள் காப்பிடமாக்கப்பட்டது. 2022-ல் வேடந்தாங்கலும் வெள்ளோடும் ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றன.

விருதுகளும் மறைவும்

இந்திய அரசு கிருஷ்ணனுக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. 1995-ல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 மதிப்புறு பட்டியலில் இவர் பெயர் சேர்க்கப்பட்டது. பெப்ரவரி 18, 1996 அன்று சென்னையில் காலமானார். ஸ்டேட்ஸ்மன் இதழில் இவருடைய கடைசிப் பத்தி அதே நாளில் வெளியாயிற்று. சென்னையிலுள்ள மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி இவர் நினைவாக இளைஞர்களின் இயற்கை எழுத்துக்குப் பரிசு வழங்கியுள்ளது.

மறைவிற்குப் பத்தாண்டுகளுக்குப் பின், 2006-ல், இவருடைய ஒளிப்படங்களும் எழுத்துகளும் ஐ இன் தி ஜங்கிள் என்ற நூலாக வெளிவந்தன. வண்ணப் படச்சுருளின் சாயங்கள் காலப்போக்கில் வெளிறக்கூடியவை. முறையாக ஹைப்போவில் இட்டு நன்கு கழுவிய கறுப்பு-வெள்ளை நெகட்டிவில் இருப்பதோ வெள்ளி உலோகம். ஈரமும் பூஞ்சையும் தாக்காமல் காத்தால் அது பல தலைமுறைகள் நிலைக்கும். குறைந்த ஒளிக்காகத் தேவைப்பட்ட கறுப்பு-வெள்ளை முறை, இவ்வகையில் அப்படங்களின் நீடித்த வாழ்வுக்கும் உகந்ததாக அமைந்தது.

நூல்கள்

தமிழ்
- கதிரேசச் செட்டியாரின் காதல் (துப்பறியும் புதினம்)
- மழைக்காலமும் குயிலோசையும் (கட்டுரைகள், தொகுப்பு: சு. தியடோர் பாஸ்கரன்)

ஆங்கிலம்
- ஜங்கிள் அண்டு பேக்யார்டு (1961)
- இந்தியாஸ் வைல்டுலைஃப் இன் 1959-70 (1975)
- நைட்ஸ் அண்டு டேஸ் (1985)
- நேச்சர்ஸ் ஸ்போக்ஸ்மன் (2000, தொகுப்பு: இராமச்சந்திர குகா)
- ஐ இன் தி ஜங்கிள் (2006)